இடாப்பில் சிவப்பு மை

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பேச்சுக்கு என்னை அழைத்த செயலாளர் என் வகுப்புத் தோழி. தொலைபேசியில் அவள் போட்ட முதல் நிபந்தனை இதுதான்: "நீ நீரிழிவைப் பற்றி மட்டும் கதைச்சுப்போடாதை. சாப்பாட்டுக்கு முதல் அதை ஒருத்தரும் கேட்க மாட்டினம். எங்கையாவது போய்வந்த இடத்தைப் பற்றிக் கதை." ஆகவே இன்றைக்கு இரத்தத்தில் சீனி பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். பயப்படாமல் இருங்கள்.

போன டிசெம்பரில் எங்கள் வகுப்பைச் சேர்ந்த மூன்று பேர் எகிப்துக்குப் போனோம். ஒருத்தி கனடாவிலிருந்து வந்தாள், மற்றவள் அவுஸ்திரேலியாவிலிருந்து, நான் இங்கிருந்து. பெயர் சொல்லக்கூடாது என்று இருவரும் கட்டளை. சொல்லாமலே இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்கு யாரென்று விளங்கியிருக்கும். பிரமிட்டுகள், ஒட்டகம், நைல் படகு எல்லாம் பார்த்தோம்தான். அவற்றின் படங்கள் முகநூலில் இருக்கின்றன. நான் இன்றைக்கு ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். லக்சர் என்ற ஊரில் ஒரு வழிகாட்டியோடு காலை ஐந்து மணி தொடக்கம் இரவு வரை கல்லறைகளும் கோயில்களுமாகத் திரிந்த நாள்.

எகிப்து என்றதும் எனக்கு முதலில் நினைவு வருவது எங்கள் வகுப்பாசிரியைதான். ஆண்டு பத்து 'பி' வகுப்புக்கு அவரே சமூகக்கல்வி ரீச்சர். நீல வெண்கட்டியால் கரும்பலகையின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு இழுப்பார். "பிள்ளையள், இந்த ஆறு தெற்கிலையிருந்து வடக்கை ஓடுது. ஆனபடியால் படத்திலை கீழை இருக்கிறதுதான் மேல் எகிப்து. சோதினையிலை மாறி எழுதினால் நான் பொறுப்பில்லை" என்பார். லக்சர் அந்தப் படத்தில் கீழே இருக்கிற மேல் எகிப்தில் இருக்கிறது. பழைய பெயர் தீப்ஸ். ஆற்றுக்குக் கிழக்கே, சூரியன் உதிக்கும் பக்கத்தில், கடவுளருக்குப் பெருங்கோயில்கள். மேற்கே, சூரியன் மறையும் பக்கத்தில், மலையடிவாரம் முழுவதும் கல்லறைகள்.

எங்கள் வழிகாட்டி லக்சரிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்களிலும் சில வயது இளையவர். பல்கலைக்கழகத்தில் எகிப்தியவியல் படித்து அனுமதிப்பத்திரம் பெற்ற பெண். மினி பஸ்ஸில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் மூவரும் சகோதரிகளா?" கனடாக்காரி, "அதைவிட மோசம், ஒரே வகுப்பு" என்றாள்.

இருட்டோடு ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக்குப் போனோம். விடியும்போது மலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு வெப்பக்காற்றுப் பலூன்கள் மிதந்தன. முதலில் நிறுத்திய இடம் மெம்னோன் சிலைகள். கரும்பு வயல்களுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 18 மீற்றர் உயரத்தில் இரண்டு பேர் கதிரையில் இருக்கிறார்கள். இருவரும் மூன்றாம் அமென்ஹொத்தெப் என்ற ஒரே அரசன்தான். பின்னால் இருந்த அவனது கோயில் அநேகமாக அழிந்துபோய்விட்டது. கிறிஸ்துவுக்கு முன் 27ஆம் ஆண்டில் நடந்த நிலநடுக்கத்தில் ஒரு சிலை வெடித்தது. அதன்பின் விடியற்காலைகளில் அதிலிருந்து ஒரு ஓசை வந்ததாம். அதைக் கேட்க ரோமாபுரியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, சிலையின் காலில் தங்கள் பெயர்களையும் பாடல்களையும் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கிறிஸ்துவுக்குப் பின் 130இல் ஹேட்ரியன் சக்கரவர்த்தியின் பரிவாரத்தோடு வந்த ஜூலியா பல்பில்லா என்ற பெண் கவிஞரின் வரிகளும் அங்கே இருக்கின்றன. எங்கள் விஞ்ஞானகூட மேசையில் கவராயத்தால் பெயர் கீறி அடிவாங்கிய ஒருவர் எங்கள் மூவரில் இருக்கிறார். அவர் அந்தக் காலைச் சற்று அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்தது அரசர்களின் பள்ளத்தாக்கு. மரம், செடி, புல் என்று ஒன்றும் இல்லாத மலை இடுக்கு. அறுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள் இதுவரை தெரியவந்திருக்கின்றன. சாதாரண ரிக்கற்றுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். பெயர்பெற்ற சிலவற்றுக்குத் தனியாகக் காசு. வழிகாட்டிகள் உள்ளே வந்து விளக்கம் சொல்லக்கூடாது என்பது அங்குள்ள ஒழுங்கு. சனநெரிசலும் மூச்சுக்காற்றின் ஈரமும் ஓவியங்களைக் கெடுக்கும் என்பதால். ஆகவே அவர் வெளியே நிழலில் வைத்துப் படங்களைக் காட்டி, ரீச்சர் பாடம் எடுப்பது போல எல்லாம் சொல்லிவிட்டு, "இனிப் போய்ப் பாருங்கள்" என்று அனுப்புவார். எனக்கு அது பிடித்திருந்தது. உள்ளே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பார்க்கலாம்.

ஆறாம் ராம்சேசின் கல்லறைக் கூரையைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். கருநீலமும் மஞ்சளுமாக, வானத்தின் தேவி நூட் கூரை முழுவதும் நீண்டு கிடக்கிறாள். மாலையில் அவள் சூரியனை விழுங்குகிறாள். இரவின் பன்னிரண்டு மணி நேரமும் சூரியன் அவளது உடலுக்குள்ளால் பயணம் செய்கிறான். விடியும்போது அவனைப் பெற்றெடுக்கிறாள். மகப்பேற்று விடுதியில் இரவுக் கடமை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வானத்தை இப்படி நினைத்தவர்கள் ஒரு முழு இரவுப் பிரசவ வேதனையைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

அந்தக் கல்லறைக்கு நேர் கீழேதான் துட்டன்காமூனின் கல்லறை. மேலே வேலை செய்த கல்வெட்டிகளின் குடிசைகளும் கற்குவியலும் இதன் வாசலை மூடிவிட்டதால்தான் 1922 நவம்பரில் ஹவார்ட் கார்ட்டர் கண்டுபிடிக்கும்வரை இது பெருங்கொள்ளையிலிருந்து தப்பியது. உண்மையைச் சொன்னால், தனிக்காசு கொடுத்துப் போகிறவர்கள் ஏமாறக்கூடும். நாலு சின்ன அறைகள். ஓவியம் ஒன்றில் மட்டும். தங்கமெல்லாம் கெய்ரோவுக்குப் போய்விட்டது. ஆனால் அந்தப் பொடியன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். கண்ணாடிப் பெட்டிக்குள், துணியால் மூடிய உடலும் வெளியே தெரியும் கறுத்த முகமும் பாதங்களும். சாகும்போது ஏறக்குறைய பத்தொன்பது வயது. உயர்தரச் சோதினை எடுக்கிற வயது.

வெளியே வைத்து வழிகாட்டி சொன்ன ஒரு விடயம் எனக்குள் நின்றுவிட்டது. கார்ட்டர் அந்தக் கல்லறையில் ஒரு சாதாரண மரப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே இரண்டு மிகச் சிறிய சவப்பெட்டிகள் இருந்தன. இரண்டிலும் பதனிட்ட சிசுக்கள். ஒன்று ஐந்தாறு மாதக் கரு, மற்றது நிறைமாதத்தை அண்மித்தது. இரண்டும் பெண்பிள்ளைகள், அவனுடைய மகள்மார் என்று கருதுகிறார்கள். அரச குடும்பத்துப் பிள்ளைகள். ஆனாலும் பெட்டிகளில் பெயர் எழுதப்படவில்லை. இறந்தவர் எவரையும் குறிக்கக்கூடிய 'ஒசிரிஸ்' என்ற பொதுச்சொல் மட்டுந்தான். எகிப்தியருக்குப் பெயர் என்பது உயிரின் ஒரு பாகம். பெயர் அழிந்தால் மறுமையிலும் ஆள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பெயர் வைக்க முதலே வழியனுப்ப நேர்ந்திருக்கிறது. எங்கள் விடுதிகளிலும் அப்படித்தான் எழுதுவோம், 'இன்னாரின் குழந்தை' என்று. தாயின் பெயர், நிறை, நேரம். எத்தனை தரம் எழுதியிருப்பேன். அந்த வெயிலில் நின்றுகொண்டு அவற்றை எண்ணத் தொடங்கினேன். அவுஸ்திரேலியாக்காரி தண்ணீர்ப் போத்தலைக் கையில் தந்து, "நட" என்றாள்.

மலையின் மறுபக்கம் டெய்ர் எல்-பஹாரி. செங்குத்தான பாறைக்குக் கீழே மூன்று தட்டுகளாக எழும் ஹட்ஷெப்சுட்டின் கோயில். பெண்கள் கல்லூரியில் படித்தவர்கள் இந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும். முதலாம் துட்மோசின் மகள், இரண்டாம் துட்மோசின் மனைவி. கணவன் இறந்தபோது, அவனுடைய மற்றொரு மனைவியின் மகன் சின்னப் பிள்ளை. பிள்ளைக்காக ஆட்சியைப் பொறுப்பேற்றவர், சில வருடங்களில் தானே அரசனாக முடிசூடிக்கொண்டார். 'அரசி' அல்ல, அரசன். சிலைகளில் அரசருக்குரிய பொய்த்தாடியோடு நிற்கிறார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். செங்கடல் வழியாகப் பண்ட் நாட்டுக்குக் கப்பல்கள் அனுப்பி, வெள்ளைப்போள மரங்களை வேரோடு கூடைகளில் கொண்டுவரச் செய்ததைச் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே காட்சியில் பண்ட் நாட்டு அரசியையும் காட்டுகிறார்கள். பருத்த உடல், மடிப்பு மடிப்பாய்த் தசை. மூலக்கல் கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அரசிக்கு என்ன வருத்தம் என்று நூறு வருடத்துக்கு மேலாக வைத்தியர்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். நோயாளியைக் காணாமல் நோய் நிர்ணயம் செய்வதில் எங்களுக்கு எப்போதுமே ஒரு ஆசை.

ஹட்ஷெப்சுட் இறந்து இருபது ஆண்டுகளளவில், மூன்றாம் துட்மோசின் ஆட்சியின் பிற்பகுதியில், அவருடைய பெயரையும் உருவத்தையும் சுவர்களிலிருந்து கொத்தி எடுத்தார்கள். சிலைகளை உடைத்துக் குழிகளில் போட்டார்கள். பின்வந்த அரசர் பட்டியல்களில் அவர் இல்லை. சின்னம்மாவில் இருந்த கோபம் என்று முன்பு எழுதினார்கள். கோபமென்றால் ஏன் இருபது வருடம் பொறுத்தான் என்று இப்போது கேட்கிறார்கள். அடுத்த அரசுரிமையைச் சிக்கலில்லாமல் மகனுக்குக் கொடுக்கச் செய்த காரியமாக இருக்கலாம் என்பது இப்போது பலர் ஏற்கும் விளக்கம்.

சரி, அழித்துவிட்டார்கள். பிறகு எப்படி எங்களுக்குத் தெரியும்? இதைத் தமிழ் ரீச்சர்மார் கவனமாகக் கேட்கவேண்டும். 1829இல், எகிப்திய எழுத்தை வாசிக்க வழிகண்ட ஷம்போலியோன் இந்தக் கோயிலுக்கு வந்தார். சுவரில் தாடிவைத்த அரசன். பக்கத்தில் உள்ள வாசகத்தை வாசித்தால் சொற்களெல்லாம் பெண்பால்! அரசன் வந்தாள், அரசன் கட்டினாள் என்பது போல. எகிப்திய மொழியில் பெண்பாலைக் காட்ட ஒரு சின்ன 'த்' எழுத்துப் போடுவார்கள். வடிவம் ஒரு அரைவட்டம், ஒரு சின்னப் பாண். கொத்த வந்தவர்கள் பெயரைக் கொத்தினார்கள், முகத்தைக் கொத்தினார்கள். ஒவ்வொரு வரியிலும் கிடந்த அந்தச் சின்னப் பாண் துண்டுகளை எல்லா இடத்திலும் தேடிக் கொத்தப் பொறுமை இருக்கவில்லை. வழிகாட்டி ஒரு சுவரில் அதைத் தொடாமல் விரலால் சுட்டிக் காட்டினார். கொத்திய பள்ளமும் தெரிந்தது, அருகே தப்பிய அரைவட்டமும் தெரிந்தது. விகுதி பிழைத்தால் புள்ளி வெட்டிய எங்கள் தமிழ் ரீச்சரை நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் நினைத்தோம்.

அந்தக் கோயிலின் முற்றத்தில் 1997 நவம்பர் 17 அன்று ஆயுததாரிகள் 62 பேரைக் கொன்றார்கள். 58 பேர் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள், நாலு பேர் எகிப்தியர். எனக்கு அது தெரியும். கேட்பதில்லை என்று நினைத்திருந்தேன். கனடாக்காரி கேட்டுவிட்டாள். வழிகாட்டி அந்த எண்ணிக்கையைச் சொன்னார், தான் அப்போது பாடசாலைப் பிள்ளை என்றார், "கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்வதில்லை" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்க எங்களுக்குத் தேவை இருக்கவில்லை. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எங்களிடம் கேட்கும்போது நாங்கள் சொல்லுவதும் அவ்வளவுதான்.

பிறகு எல்லாச் சுற்றுலாக்களிலும் வருகிற தொல்லை. கல் பாத்திரக் கடை ஒன்றில் அரை மணித்தியாலம் இறக்கிவிட்டார்கள். அதை விட்டுவிடுவோம். பயணத்தை ஒழுங்கு செய்கிறவர்கள் மத்தியானத்துக்குப் பின் நேராகக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோவதுதான் வழக்கமாம். எங்கள் வழிகாட்டி கேட்டார்: "அரசர்களைப் பார்த்தீர்கள். அரசர்களின் கல்லறையை வெட்டியவர்களின் வீடுகளைப் பார்க்க விருப்பமா? பஸ்காரருக்குச் சிறிது கூடக் கொடுக்கவேண்டும்." கொடுத்தோம். அந்த நாளின் மிகச் சிறந்த செலவு அது.

டெய்ர் எல்-மெடினா. இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊரின் அடிச்சுவர்கள். நடுவே ஒரு ஒழுங்கை. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி எழுபதளவு வீடுகள். ஒவ்வொரு வீடும் ஒடுங்கலாக, அறைக்குப் பின் அறையாக, பின்னுக்குக் குசினி. பள்ளத்தாக்கின் கல்லறைகளை வெட்டிய, சாந்து பூசிய, படம் கீறிய தொழிலாளரும் குடும்பங்களும் நானூறு வருடங்களளவில் இங்கே இருந்தார்கள். தண்ணீர்கூடக் கழுதையில் வரவேண்டும். ஓய்வு நேரத்தில் தங்களுக்கும் சின்னச் சின்னக் கல்லறைகள் செய்துகொண்டார்கள். சென்னெட்ஜெம் என்ற தொழிலாளியின் கல்லறைக்குள் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து இறங்கவேண்டும். உள்ளே போனால் சுவரெல்லாம் நேற்றுப் பூசியது போல மஞ்சள். மறுமையின் வயலில் சென்னெட்ஜெம் உழுகிறார், பின்னால் மனைவி ஐனெஃபெர்ட்டி விதை போடுகிறாள். இருவரும் வெள்ளை உடுப்பில், திருவிழாவுக்குப் போகிறவர்கள் போல. என் கண்ணுக்கு அரசர்களின் கல்லறைகளைவிட இது மேல்.

இந்த ஊர் மற்ற எல்லா ஊர்களிலிருந்தும் வேறுபடுவது இவர்களில் பலருக்கு எழுத வாசிக்கத் தெரிந்திருந்ததால். பப்பைரஸ் விலைகூடியது. ஆகவே உடைந்த சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் எழுதினார்கள். சலவைக் கணக்கு, கழுதை வாடகை வழக்கு, காதல் பாட்டு, விளக்குத் திரிகளின் எண்ணிக்கை. எழுதிவிட்டு எறிந்தார்கள். அகழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் பொறுக்கி எடுத்தார்கள். மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில் கூலித் தானியம் பிந்தியபோது, இந்தத் தொழிலாளர் வேலையை விட்டுவிட்டு, பசிக்கிறது என்று சொல்லிக் கோயில்களின் பின்புறத்தில் போய் இருந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் பணிப்பகிஷ்கரிப்பு என்று சொல்வார்கள். நாங்கள் வைத்தியர்களும் செய்திருக்கிறோம் என்று நான் சொன்னேன். "உங்களுக்குத் தானியம் கிடைத்ததா?" என்று வழிகாட்டி கேட்டார்.

பிறகு அவர் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். ஒரு தட்டையான சுண்ணாம்புக்கல், ஒரு முழத்துக்கும் குறைவு. மூலம் லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேசின் 40ஆம் ஆட்சியாண்டு. இன்றைக்கு மூவாயிரத்து இருநூறு வருடங்களுக்கு மேல். இரண்டு பக்கமும் நாற்பது பேரின் பெயர்கள் வலக்கரையில் மேலிருந்து கீழ். ஒவ்வொரு பெயருக்கும் நேரே கறுப்பு மையில் நாட்கள். அந்த நாட்களுக்கு மேலே சிவப்பு மையில் சின்னச் சின்னச் சொற்கள். "இது என்ன சொல்லுங்கள்" என்றார்.

மூவரும் ஒரே குரலில் "இடாப்பு!" என்றோம். தமிழில்.

வரவு இடாப்பேதான். கறுப்பில் வராத நாள், சிவப்பில் வராத காரணம். அவர் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். சுகமில்லை. கண் வருத்தம். தேள் கடித்தது. வீடு கட்டினான். பண்டிகைக்கு பியர் வடித்தான். தாயின் உடலுக்குத் துணி சுற்றினான். மனைவிக்கு அல்லது மகளுக்கு மாதவிலக்கு. ஆம், அதற்கும் ஆண்கள் வீட்டில் நின்றிருக்கிறார்கள், எழுத்தர் அதை ஒரு வெட்கமும் இல்லாமல் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். எங்கள் காலத்தில் இதே காரணத்துக்கு "வயிற்றுக்குத்து" என்று எழுதிக் கொண்டுவந்த கடிதங்கள் எத்தனை! பஹேரிபெட்ஜெட் என்ற ஒருவன் அடிக்கடி வரவில்லை. காரணம், மற்றவர்களுக்கு மருந்து தயாரித்தான். கல்வெட்டும் கூட்டத்தில் ஒரு வைத்தியன். என் தொழில் முன்னோரைத் தங்க முகமூடியில் அல்ல, வராதவர் பட்டியலில் கண்டேன். அந்தக் காலத்து எகிப்திய வைத்தியம் சும்மா மந்திரம் மட்டும் அல்ல. 1862இல் இதே லக்சரில் எட்வின் ஸ்மித் வாங்கிய பப்பைரஸில் 48 காயங்களும் நோய்களும் ஒழுங்காக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பரிசோதித்து, இது குணப்படுத்தக்கூடியது, இதோடு போராடிப் பார்க்கலாம், இதற்கு ஒன்றும் செய்ய இயலாது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். மூன்றாவதை எழுதி வைப்பதற்கு நேர்மை வேண்டும்.

மருத்துவச் சான்றிதழ் எழுதியே கை உளைந்தவள் நான். மூன்று நாள் வயிற்றோட்டம், இரண்டு நாள் காய்ச்சல். தேள் கடி என்று ஒருதரம்கூட எழுதியதில்லை.

சிரித்துக்கொண்டு இருந்த கனடாக்காரிதான் முதலில் அமைதியானாள். "ரீச்சரின்ரை இடாப்பு" என்றாள்.

இங்கே இருக்கிற இளையவர்களுக்காகச் சொல்லவேண்டும். எங்கள் வகுப்பாசிரியை, நான் முன்பு சொன்ன அந்த நைல் நதி ரீச்சர், மற்றவர்கள் போல வராதவருக்குச் சுழியம் மட்டும் போடமாட்டார். அடுத்த நாள் "ஏன் பிள்ளை நேற்று வரேல்லை?" என்று கேட்டு, சிவப்புப் பேனையால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் காரணத்தையும் எழுதுவார். காய்ச்சல். அம்மம்மா செத்த வீடு. சைக்கிள் ரியூப் இல்லை. ஷெல். அந்த வருடம் 1995. ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தால் நடந்த அந்த இரவைப் பற்றி நான் கதைக்கத் தேவையில்லை, நடந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். சில கிழமைகளுக்குப் பிறகு தென்மராட்சியில் ஒரு பாடசாலை வளவில் பின்னேர வகுப்புத் தொடங்கியது. ரீச்சர் ஒரு மாமரத்தின் கீழ் நின்றுகொண்டு பையிலிருந்து எங்கள் இடாப்பை எடுத்தார். வீட்டுக்காரர் சட்டி பானை எடுக்க, அவர் அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். முப்பத்தெட்டுப் பெயரையும் கூப்பிட்டார். பதினொரு பேர் "வந்தேன்" என்றோம். மற்ற ஒவ்வொரு பெயருக்கும் எங்களைப் பார்த்து, "ஆருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். சொன்னதை எழுதினார். வடமராட்சி. கிளிநொச்சி. கொழும்பு. ஏழு பெயருக்குமேல் அவர் எழுதிய சொல் 'தெரியாது'. நான் முன்வரிசையில் நிலத்தில் இருந்ததால் அந்தச் சிவப்புச் சொல்லை ஏழு தரமும் பார்த்தேன்.

ரீச்சர் இப்போது இல்லை. அவர் காலமானபின் வீட்டாரிடம் அந்த இடாப்பைக் கேட்டோம். தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

மத்தியானத்துக்குப் பின் பார்த்தவற்றைக் குறை சொல்லமுடியாது. மெடினெட் ஹபுவில் மூன்றாம் ராம்சேசின் கோயிலில், போரில் கொன்றவர்களின் வெட்டிய கைகளைக் குவித்துவைத்து எழுத்தர்கள் எண்ணுகிற சிற்பம் இருக்கிறது. எழுத்துக்கு அந்த வேலையும் கொடுத்திருக்கிறார்கள். நான் அதிலே நிற்கவில்லை. மறுகரையில் கர்ணாக் கோயிலின் பெருமண்டபத்தில் 134 தூண்கள். நடுவில் உள்ள பன்னிரண்டும் 21 மீற்றர் உயரம். அண்ணாந்து கழுத்து நொந்தது. அங்கே ஹட்ஷெப்சுட்டின் கல்தூபி ஒன்று ஏறக்குறைய 30 மீற்றர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. அதைச் சுற்றி மூன்றாம் துட்மோசு சுவர் எழுப்பினான். மறைக்கத்தான் கட்டினான் என்று பலரும் சொல்வார்கள். சுவருக்குள் இருந்த பகுதிதான் நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. லக்சர் கோயிலுக்குப் போகும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். அங்கே வாசலில் ஒரு கல்தூபிதான். சோடி 1836 முதல் பாரிசில் நிற்கிறது. கோயிலுக்குள்ளேயே உயரத்தில் ஒரு பள்ளிவாசல், அதிலிருந்து பாங்கு ஒலித்தது.

இரவு ஆற்றங்கரையில் இருந்து சிவந்த கர்கடே தேநீர் குடித்தோம். ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அவுஸ்திரேலியாக்காரி மேசையில் விரலால் தட்டிக்கொண்டு, ரீச்சரின் குரலில் முதலாவது பெயரைக் கூப்பிட்டாள். கனடாக்காரி இரண்டாவதைச் சொன்னாள். அகர வரிசையில் நாள்தோறும் கேட்ட பெயர்கள். வாய்ப்பாடு போல நாக்கில் கிடந்தன. உணவு கொண்டுவந்த பொடியன் நாங்கள் ஏதோ பிரார்த்தனை செய்கிறோம் என்று நினைத்துத் தட்டோடு தள்ளி நின்றான். முப்பத்தொரு பெயர் வந்தது. ஏழு வரவில்லை.

ஊருக்கு வந்தபின் வாட்ஸ்அப்பில் கேட்டு மூன்று பெயர் கண்டுபிடித்தோம். மூவரும் இருக்கிறார்கள். ஒருத்தி நோர்வேயில், ஒருத்தி வவுனியாவில், ஒருத்தி இங்கேயே, மூன்று ஒழுங்கை தள்ளி. முப்பத்தெட்டுப் பேரில் இருவர் உயிரோடு இல்லை என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இன்னும் நாலு இலக்கம் வெறுமையாக இருக்கிறது: ஒன்பது, பதினேழு, இருபத்தாறு, முப்பத்தெட்டு. ஒன்பது 'க' வரிசையில் தொடங்கும். பதினேழு 'ச'வாக இருக்கவேண்டும். இருபத்தாறு வலைப்பந்தாட்டக் குழுவில் இருந்த உயரமான பிள்ளை என்று ஒருத்தி சொல்கிறாள், இல்லை என்று இன்னொருத்தி.

முப்பத்தெட்டாவது பெயர் அகர வரிசையில் வராது. 1995 சித்திரை விடுமுறைக்குப் பிறகு வேறு பாடசாலையிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை; அதனால் கடைசியில் எழுதப்பட்டாள். ஜன்னலோரம் கடைசி வாங்கு. இரட்டைப் பின்னல், ஒன்றில் எப்போதும் ரிபன் அவிழ்ந்திருக்கும். சரஸ்வதி பூசைக்குக் கோலம் போட்டது அவள்தான். மாமரத்தின் கீழ் அவளுக்கும் 'தெரியாது' என்றுதான் எழுதப்பட்டது.

இந்த உரை நூற்றாண்டு மலரில் வரும் என்று செயலாளர் சொல்கிறாள். மலர் ஐந்து கண்டங்களுக்கும் போகும். அந்த வருடத்து ஆண்டு பத்து 'பி' வகுப்பில், அல்லது பக்கத்து வகுப்புகளில் இருந்தவர்கள், பெயர் தெரிந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள். வராத காரணம் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். நாங்கள் ஒரு புது இடாப்பு வாங்கி வைத்திருக்கிறோம். சிவப்புப் பேனை செயலாளரிடம் இருக்கிறது.